மூளிக்காதியின் குரல்

மூளிக்காதி செத்துப் பதினோராம் நாள், அவளுடைய குரலைக் காட்டுக்குள் ஒலிபரப்பச் சொல்லி எஸ்தருக்கு உத்தரவு வந்தது.

மூளிக்காதி கொடிமட்டத்து யானைக் கூட்டத்தின் தலைவி. இடது காது பாதி கிழிந்து தொங்கும். அதை வைத்துத் தேயிலைத் தோட்டத்து ஜனங்கள் இட்ட பெயர். அறுபது வயதுக்குக் குறையாது. புது நகரத்துக்குச் சாலை போடுவதற்காக மலையைச் செங்குத்தாக வெட்டி விட்டிருந்தார்கள். வருஷக்கணக்காக இறங்கிப் பழகிய தடத்தில் ஒரு மழை நாளில் அவள் கால் வைத்தபோது அங்கே தடம் இல்லை. விழுந்து இடுப்பு முறிந்து, இரண்டு நாள் கிடந்து செத்தாள். மீதிப் பதின்மூன்று யானைகளும் அவளை விட்டு நகராமல் நின்றன. கொஞ்ச நேரம் மேயப் போகும், திரும்பி வந்துவிடும். உடம்பு அழுகத் தொடங்கிய பிறகும் வந்தன.

எஸ்தருக்கு முப்பத்தெட்டு வயது. அதே மலையில் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் பிறந்தவள். அவளுடைய அம்மா, கொழுந்து பறிக்கப் போன ஒரு மார்கழிக் காலையில், பனிக்குள் ஒரு யானையின் முன்னால் போய் நின்றுவிட்டாள். அம்மாவுக்கும் யானை தெரியவில்லை, யானைக்கும் அம்மா தெரியவில்லை. எஸ்தர் யானை ஒலி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்ததே அதனால்தான்.

யானைகள் தங்களுக்குள் பேசுவதில் பெரும்பகுதி மனிதக் காதுக்கு எட்டாது. அவ்வளவு தாழ்ந்த குரல். மரங்களில் கட்டியிருந்த மைக்குகள் அதைப் பிடித்து நிலையத்துக்கு அனுப்பும். நிலையத் தலைவர் டாக்டர் கமலநாதன் எழுதிய கணினி நிரல் ஒன்பது வருஷம் அதைக் கேட்டுக் கேட்டு, நாற்பத்து மூன்று சொற்களைப் பிரித்தெடுத்திருந்தது. வா. நில். ஆபத்து. இங்கே தண்ணீர். எந்த யானை சொல்கிறது என்பதும் திரையில் வரும். நாள் முழுக்க அதிகம் வருவது 'நான் இங்கே இருக்கிறேன்' என்பதுதான். ஒன்று சொன்னால் நான்கு பக்கத்திலிருந்தும் பதில் வரும். கூட்டம் எந்தத் தோட்டத்துப் பக்கம் இறங்குகிறது என்று பார்த்து எஸ்தர் எச்சரிக்கை அனுப்புவாள். அவள் வந்த பிறகு கொடிமட்டத்தில் ஒரு மனிதரும் யானையிடம் சாகவில்லை.

நிலையத்தில் எழுதப்படாத ஒரு விதி உண்டு. விதி வைத்தவரே கமலநாதன்தான். "நாம கேக்குறவங்க. பேசுறவங்க இல்ல." யானைக் குரலில் எந்தச் சொல்லையும் பேசிக்காட்ட அவருடைய நிரலால் முடியும். செய்ததில்லை.

உத்தரவை எடுத்துக்கொண்டு அவருடைய அறைக்குப் போனாள்.

"சார், இதுல உங்க கையெழுத்து இருக்கு."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "உக்காருங்க எஸ்தர்."

"நின்னுக்கிறேன் சார்."

"கீழ கோவையில நேத்து எத்தனை டிகிரி தெரியுமா? நாற்பத்தெட்டு. பங்குனிலேர்ந்து பள்ளிக்கூடம் கிடையாது. நாலு லட்சம் பேரு மேல வர்றதுக்குப் பேர் குடுத்திருக்காங்க. கொடிமட்டத்துல நகரம் வந்தே தீரும். அதுல நம்மகிட்ட அபிப்பிராயம் கேக்கல."

"காட்டை வெட்டக் கூடாதுன்னுதானே கோர்ட்டு சொல்லியிருக்கு?"

"யானை இருக்கிற வரைக்கும் வெட்டக் கூடாது. புதுச் சட்டம் அப்படித்தான். பட்டாசு போட்டு விரட்டினா குத்தம். யானை தானா விட்டுட்டுப் போச்சுன்னா அது யானைக்காடு இல்ல." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "தலைவி கூப்பிட்டு, கூட்டம் பின்னால போனா, அது தானாப் போனதுதானாம். சட்ட ஆலோசகர் எழுதியே குடுத்துட்டார்."

"செத்துப் போனவ எப்படி சார் கூப்பிடுவா?"

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "நாம செய்யலன்னா மயக்க ஊசி போட்டு லாரியில ஏத்துவாங்க. போன வருஷம் வடக்க ஏழு யானைய ஏத்தி ரெண்டுதான் உயிரோட இறங்கிச்சு. கிழக்குச் சரிவுல மாற்று வனம் தயாரா இருக்கு. ரெண்டு லட்சம் மரம் நட்டிருக்காங்க, தொட்டி கட்டியிருக்காங்க. முப்பது கிலோமீட்டர். பதிமூணும் தன் கால்ல நடந்து போய்ச் சேரணும் எஸ்தர். வேற வழி எனக்குத் தெரியல."

அன்று சாயங்காலம் தங்கை ரூபியிடமிருந்து அழைப்பு வந்தது. ரூபி கோவையில் இருந்தாள். அவள் புருஷன் சுமை தூக்குபவன். போன சித்திரையில் வெயிலில் மூட்டையோடு சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை. ஆறு வயது மகள் ஜோஸ்லினுக்கு மூச்சிரைப்பு.

"அக்கா, புது நகரத்து வீட்டு லிஸ்ட்டுல பேர் வந்திருச்சு! ஏழாவது பிளாக்கு. நீ அங்க வேலை பாக்குறதால முன்னுரிமையாம்." ரூபியின் குரலுக்குப் பின்னால் குழந்தை இழுத்து இழுத்து மூச்சு விடுவது கேட்டது. "எப்பக்கா கட்டி முடிப்பாங்க? ஆடிக்குள்ளயா?"

"பாப்போம்டி" என்றாள் எஸ்தர். போனை வைத்த பிறகும் அந்த இழுப்புச் சத்தம் காதில் இருந்தது.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு முதல் ஸ்பீக்கர் பேசியது. மூளிக்காதியின் குரல் ஒன்றை மட்டும் ஏற்றிய ஆள் உயரப் பெட்டி. அவள் இறந்து கிடந்த இடத்துக்குக் கிழக்கே ஒரு கிலோமீட்டரில் வைத்திருந்தார்கள். செல்லன் யானைகளுக்கு அருகில் ஒரு பாறை மேல் இருந்தான். அவன் காடர் பழங்குடி; வனத்துறை வாட்சர்; அந்தக் கூட்டத்தில் ஒவ்வொன்றையும் வாலைப் பார்த்தே சொல்லிவிடுவான்.

எஸ்தர் திரையில் 'வா' என்பதைத் தொட்டாள். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மேசையிலிருந்த டம்ளர்த் தண்ணீர்கூட அசையவில்லை. வாக்கிடாக்கியில் செல்லன்தான் சொன்னான்.

"எல்லாம் காதை விரிச்சிருச்சு எஸ்தரம்மா. செம்பி கிழக்க பாக்குறா."

செம்பி மூளிக்காதியின் மூத்த மகள். சினையாக இருந்தாள்; நிறைமாதத்துக்கு இன்னும் சில மாதங்கள்.

எஸ்தர் மறுபடி தொட்டாள்.

"போறா. குரல் வந்த பக்கமே போறா." கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். "திரும்பிட்டா. ஓடி வர்றா. அம்மாகிட்ட வந்துட்டா... துதிக்கைய அவ வாய்க்குள்ள விட்டுப் பாக்குறா எஸ்தரம்மா."

"என்னது?"

"செத்தவ வாய்க்குள்ள விட்டுப் பாக்குறா. குரல் அங்கேருந்துதானே வரணும்? வாயைத் தொட்டுப் பாத்துட்டு, கிழக்க பாக்குறா. மறுபடி வாயைத் தொடுறா."

எஸ்தர் கையை எடுத்துவிட்டாள். பின்னால் நின்றிருந்த கமலநாதன், "இன்னும் ஒரு தடவை" என்றார். அவள் தொட்டாள்.

மதியத்துக்குள் பதின்மூன்றும் கிளம்பிவிட்டன.

ஒன்பது நாள் நடந்தன. ஒரு பெட்டியை நெருங்கும்போது அதை நிறுத்திவிட்டு அடுத்ததைப் பேச வைப்பார்கள். அம்மா எப்போதும் ஒரு மேட்டுக்கு அப்பால் இருந்தாள். யானைகள் போகிற வழியெல்லாம் கேட்டுக்கொண்டே போயின. நான் இங்கே இருக்கிறேன். நான் இங்கே இருக்கிறேன். எஸ்தர் மூளிக்காதியாகப் பதில் சொன்னாள். ஆறாம் நாள் செல்லன் கேட்டான், "எங்க ஆளுங்க செத்தவங்க கூப்பிட்டா போகக் கூடாதும்பாங்க. இதுங்களுக்கு யார் சொல்றது?"

"அங்க காடு எப்படிண்ணே இருக்கு? மரமெல்லாம்?"

"மரம் இருக்கு" என்றான் செல்லன்.

மரம் இருந்தது. இரண்டு லட்சமும் ஒரே மரம், சீமைவேல். வேகமாக வளரும், கணக்குக்கு உதவும், யானை தின்னாது. கடைசி யானை உள்ளே போன மறுநாள் மின்வேலியை மூடினார்கள்.

கொடிமட்டத்துக் காட்டை வெட்டும்போது அங்கிருந்த மைக்குகளை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. எஸ்தரும் நிறுத்தவில்லை. முதல் வாரம் ரம்பச் சத்தத்துக்கு நடுவே இருவாச்சிகள் கத்திக்கொண்டு பறந்தன. கூடு கட்டும் மரத்துக்கு அவை திரும்பித் திரும்பி வந்ததால் அந்தக் கத்தல் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. மூன்றாம் வாரம் அது இல்லை. ஓடையோரத்தில் கட்டைவிரல் நகம் அளவு ஒரு தவளை உண்டு. கண்ணாடி வளையல் உரசுவது போல் கூப்பிடும். உலகத்தில் அந்த ஓடையைத் தவிர வேறெங்கும் அது கிடையாது என்று கமலநாதன் ஒருமுறை சொல்லியிருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை ஒரே ஒரு தவளை மட்டும் கூப்பிட்டது. புதன்கிழமை ஜெனரேட்டர் சத்தம்.

"ஒரு காட்டை யானை வளக்குது எஸ்தர்" என்றார் கமலநாதன். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, புத்தகங்களை அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். "பழத்தைத் தின்னு பத்து கிலோமீட்டர் தள்ளி விதையைப் போடுது. அந்த விதை மரமாகி, மரம் மேகத்தைப் பிடிச்சு, ஓடையா விடுது. நாம முதல் ஆளை அனுப்பிட்டோம். மத்ததெல்லாம் பின்னால போகும்."

"நீங்களும் போறீங்களே சார். நான் மட்டும் எதுக்கு இருக்கணும்?"

அவர் பெட்டியை நூலால் கட்டியபடியே சொன்னார். "கேக்குறதுக்காவது ஒரு ஆள் வேண்டாமா?"

தை மாதத்தில் மாற்று வனத்தில் செம்பிக்குப் பெண் குட்டி பிறந்தது. செல்லன் வாக்கிடாக்கியில் சிரித்தான். அவன் சிரித்து எஸ்தர் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

பங்குனியிலேயே தொட்டிகள் வற்றின. நான்கில் மூன்று பாளம் பாளமாக வெடித்தன. யானைகள் வேலியோரம் நின்று அடிவாரத்து ஊர்களின் தென்னந்தோப்புகளைப் பார்த்தன. அவை வேலியை உடைத்து இறங்கினால் மனிதர்கள் சாவார்கள் என்று மேலிடம் பயந்தது. நியாயமான பயம்தான். எஸ்தருக்கும் அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. தினம் காலையும் மாலையும் மூளிக்காதியின் குரலில் 'நில்' என்றும், 'இங்கே தண்ணீர்' என்றும் சொல்ல வேண்டும் என்று உத்தரவு. லாரித் தண்ணீர் இரண்டு நாளில் வந்துவிடும் என்றார்கள்.

லாரி பன்னிரண்டு நாள் கழித்து வந்தது.

வேலியை உடைக்கும் பலம் அவற்றுக்கு இருந்தது. உடைக்கவில்லை. அம்மா நில் என்றாள், நின்றன. அம்மா தண்ணீர் என்றாள். வெடித்த தொட்டிக்குள் இறங்கி மண்ணை உதைத்துப் பார்த்தன. இரண்டு கிழப் பெண் யானைகளும் மூன்று வயது ஆண் குட்டி ஒன்றும் தொட்டிக்குள்ளேயே விழுந்து செத்தன. எட்டாம் நாள் எஸ்தர் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, "என்னால முடியாது" என்று அதிகாரிக்கு எழுதினாள். பதில் வரவில்லை; வேறு யாரோ தலைமை அலுவலகத்திலிருந்தே அதை இயக்கினார்கள். ஒரு பொத்தான்தானே.

மழை வந்த பிறகுதான் எஸ்தர் அதைக் கவனித்தாள். திரையில் சொற்கள் குறைந்துகொண்டே வந்தன. முன்பு ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை பேசிய கூட்டம். ஆவணியில் நூறு. ஐப்பசியில் ஒன்பது. மைக்கில் பழுது என்று நினைத்து செல்லனைப் போய்ப் பார்க்கச் சொன்னாள்.

"மைக்கு சரியாத்தான் இருக்கு. பேசுறதில்ல எஸ்தரம்மா."

"எதுவுமேவா?"

"ஒண்ணு கூப்பிட்டா இன்னொண்ணு திரும்பிக்கூடப் பாக்கிறதில்ல. செம்பி குட்டியக் கூப்பிட்டதே நான் பாத்து மாசமாச்சு. துதிக்கையால தட்டித்தான் கூட்டிட்டுப் போறா. தனித்தனியா நிக்குதுங்க, சந்தையில வந்து நிக்கிற மாடு மாதிரி. குரலை நம்புறதில்ல இனிமே. யார் குரலா இருந்தாலும் சரி."

ஆண்டறிக்கை வந்தது. கடந்த ஆறு மாதத்தில் ஆபத்துக் குரல் ஒன்றுகூடப் பதிவாகவில்லை என்றும், புதிய வாழ்விடத்தில் கூட்டம் முழு அமைதியோடு இருக்கிறது என்றும் அதில் போட்டிருந்தது. கீழே நீலக் கட்டத்துக்குள், இதே முறையை மேலும் பதினொரு மலைகளில் நடைமுறைப்படுத்தப் பரிந்துரை. எஸ்தர் அது தவறு என்று நான்கு பக்கம் எழுதி அனுப்பினாள். 'கிடைக்கப்பெற்றது' என்று பதில் வந்தது.

புது நகரத்தில் குடியேறியிருந்த ரூபியைப் பார்க்கப் போனாள். ஏழாவது பிளாக்கின் வாசலில் பெண்கள் குடங்களோடு வரிசையில் நின்றார்கள். கொடிமட்டத்து ஓடையை நம்பிக் கட்டிய நகரம் அது. ஓடை கார்த்திகையிலேயே நின்றுவிட்டிருந்தது. வரிசையில் நின்ற ரூபியின் குடத்தை எஸ்தர் வாங்கிக்கொண்டாள். இருவரும் நான்காவது மாடி ஏறினார்கள்.

வீட்டுக்குள் ஜோஸ்லின் பாட்டுப் பாடிக்கொண்டே படம் வரைந்தாள். மூச்சு சீராக இருந்தது.

எஸ்தர் எல்லாவற்றையும் சொன்னாள். தொட்டிக்குள் விழுந்ததையும் சொன்னாள். ரூபி குழந்தையின் தலையைத் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பாவம்தான்க்கா. கேக்கவே முடியல." குரலைத் தாழ்த்தினாள். "ஆனா நீ அதைச் செய்யாம இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்னு என்னால சொல்ல முடியல. இவ மூச்சு விடுறா பாரு."

"தெரியும்டி."

"அடுத்த மலைக்கு மாத்தப் போறாங்களாம் எங்களை. இங்க தண்ணிக்கு வழியில்லையாம். அங்க காடு நல்லா இருக்குதாம்க்கா, ஓடைகூட இருக்குதாம்."

எஸ்தர் எழுந்து முகம் கழுவப் போனாள். குழாயில் தண்ணீர் வரவில்லை.

அடுத்த சித்திரையில் ஒரு காலை, பத்து மணி இருக்கும். மாற்று வனத்தில் ஒரே ஒரு தொட்டியில்தான் தண்ணீர். கூட்டம் அதைச் சுற்றியே கிடந்தது. செல்லன் கூப்பிட்டான்.

"செம்பி விழுந்துட்டா. எழுந்திருக்க மாட்டா. வெறும் எலும்பு. மூச்சும் நின்னுபோச்சு."

"குட்டி?"

"பக்கத்துலதான் நிக்குது."

அப்போது திரையில் எழுத்து வந்தது. இருபத்தாறு நாளைக்குப் பிறகு முதல் சொல். எந்த யானை என்ற இடத்தில் கேள்விக்குறி இருந்தது. இந்தக் குரலை நிரல் கேட்டதே இல்லை. 'நான் இங்கே இருக்கிறேன்.'

குட்டி.

"மத்ததெல்லாம் எங்கண்ணே நிக்குது?"

"இதோ, முந்நூறு அடியில. கேக்குது அதுங்களுக்கு. காதுகூட அசையல."

மறுபடி வந்தது. மறுபடி. முன்பெல்லாம் ஒரு குட்டி இப்படி ஒரு தடவை கூப்பிட்டால் சித்திகள் மரத்தை முறித்துக்கொண்டு ஓடி வரும். எஸ்தர் எண்ணிக்கொண்டிருந்தாள். பதினேழு தடவை. பதினெட்டு.

இனிமேல் அந்தக் குரலைத் தொடுவதில்லை என்று அவள் தனக்குள் சத்தியம் செய்திருந்தாள். ஆனால் குட்டிக்குப் பதினைந்து மாதம்தான் ஆகிறது. யாராவது ஒருவர் பதில் சொல்ல வேண்டும். ஒரே ஒரு தடவை. பொய்தான், இருக்கட்டும். அந்தப் பதில் கேட்டுக் கொஞ்சம் அமைதியாகி, நகர்ந்து வந்து தொட்டியில் தண்ணீர் குடித்தால் போதும். மூளிக்காதியின் குரலைத் திறந்து, 'நான் இங்கே இருக்கிறேன்' என்பதைத் தொட்டாள்.

திரை நின்றது.

குட்டி அமைதியாகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு திரையில் ஒரு சொல் வந்தது. இரண்டாம் முறை வந்தது. மூன்றாம் முறை வந்தது.

ஆபத்து.

வாக்கிடாக்கியில் செல்லன் கத்தினான். "ஓடுது! குட்டி ஓடுது எஸ்தரம்மா! மத்ததெல்லாம் கிளம்பிருச்சு! குட்டியச் சுத்தி வளைச்சுக்கிட்டு ஓடுதுங்க!"

திரையில் இப்போது ஒன்பது குரல்கள். எல்லாம் ஒரே சொல். ஒரு வருஷமாக ஒன்றையொன்று நம்பாத யானைகள் குட்டி சொன்ன இந்த ஒன்றை நம்பிவிட்டன. செம்பி தன் மகளுக்குப் பேசக் கற்றுத் தரவில்லை என்று எஸ்தர் நினைத்திருந்தாள். இதை மட்டும் எப்போதோ கற்றுத் தந்திருக்கிறாள். மூளிக்காதியின் குரல் கேட்டால் ஓட வேண்டும்.

"எந்தப் பக்கம் போகுதுண்ணே?"

"தொட்டிய விட்டுட்டுக் கிழக்க போகுதுங்க. பாறைக்கு அந்தாண்ட." செல்லனுக்கு மூச்சு வாங்கியது, அவனும் ஓடிக்கொண்டிருந்தான். "அங்க ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது எஸ்தரம்மா! இந்த வெயில்ல ரெண்டு நாள் தாங்காது! திருப்பிக் கூப்பிடுங்க! சீக்கிரம் கூப்பிடுங்க!"

எஸ்தர் திரையைப் பார்த்தாள். நாற்பத்து மூன்று சொற்களும் வரிசையாக நின்றன. வா என்பதும் இருந்தது. கூப்பிடுவதற்கு அவளிடம் அந்த ஒரு குரல்தான் இருந்தது.